பாஞ்சாலியக்காவின் ராசிச் சீட்டு

இருதயராஜ் சாரை மறந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. முகையூர்க்காரர், நேர்மையான மனிதர், ஆனால் சரியான முசுடு. 1961-இல் திண்டிவனத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, நோயாளிகளின் விவரத்தைத் தடித்த நோட்டில் எழுதுவதை விட்டு, ஆளுக்கொரு கார்டு வைத்துப் பார்க்க முடிவு செய்தது. அதற்காக அவரை வேலைக்கு எடுத்தார்கள். ஆறு மாதம் சோதனை. கார்டு முறை தேறினால் அவர் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் இரண்டுக்கும் கும்பிடு.

நோயாளிக்கு நம்பர் போட்ட சீட்டு கொடுப்பார். அடுத்த முறை அதைக் காட்டினால் கார்டைத் தேடி டாக்டருக்கு அனுப்புவார். என்ன மருந்து கொடுத்தார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? ரேஷன் கார்டு வீட்டுக்கு ஒன்று என்றால், ஆஸ்பத்திரிச் சீட்டு தெருவுக்கு ஒன்று போதும் என்று நினைத்தார்கள். யாருக்குச் சீக்கிரம் குணமாகிறதோ, அவர் சீட்டு ராசியானது. கூட்டேரிப்பட்டில் எங்கள் தெருவில் அந்தப் பெருமை பாஞ்சாலியக்காவுக்கு. ஒரே பென்சிலின் ஊசியில் எழுந்து உட்கார்ந்தவள்!

எனக்கும் ஒரு சீட்டு இருந்தது. அதே ஊசி போட்டதும் எனக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, பிழைத்ததே பெரும்பாடு. டாக்டர் அதைக் கார்டில் எழுதி வைத்தார். என் அம்மா வெள்ளையம்மாளோ சீட்டின் மேல் பழி போட்டாள். அடுத்த மாதம் மறுபடி காய்ச்சல் வந்ததும் அதை அடுப்பில் போட்டுவிட்டு, பாஞ்சாலியக்காவின் சீட்டை வாங்கிக்கொண்டு என்னைத் தூக்கிப் போனாள். எனக்கு அப்போது பதினோரு வயது.

அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியின் செயலாளர் விருத்தாசலம் கார்டு முறையை மதிப்பிட வந்திருந்தார். "நூத்துக்குத் தொண்ணூறு பேரு சீட்டோட வர்றாங்க. பிரமாதம்யா!" என்றார். இருதயராஜ் சாரே சிரித்துவிட்டாராம்.

அம்மா சீட்டை நீட்டினாள். இருதயராஜ் சார் அந்த நம்பர் கார்டை எடுத்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முப்பத்தாறு வயசு, மூணு புள்ளை பெத்தவள்னு போட்டிருக்கு. யாரும்மா இது?"

"ராசியான சீட்டுங்க. இவ சீட்டு ஆவாதுங்க. ஊசி போட்டா வீங்கிக்கினு வருது."

என் பெயரும் ஊரும் கேட்டு, என் கார்டைத் தேடி எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். எனக்கு வேறு மருந்து கிடைத்தது. அதோடு வாயை மூடியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். மனிதர் எழுந்து நின்று, "சொந்தச் சீட்டு வச்சிருக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க" என்றார். வரிசையில் பாதிக் கைகூட எழவில்லை.

"ஏன்யா, இதை எங்கிட்ட அப்புறமா சொல்லக் கூடாதா?" என்றார் விருத்தாசலம்.

"இன்னொரு புள்ளைக்கு ஊசி போட்ட அப்புறமாங்க?"

கார்டு முறை தேறவில்லை என்று எழுதினார்கள். நோட்டு திரும்பி வந்தது. அவர் விழுப்புரத்தில் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தாவானார். வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்கு அம்மா ஒரு மூட்டை மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, அங்கே போய் நிற்பாள். "பேஜாரு பண்ணாதம்மா" என்று திட்டிக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

1969-இல் என் கல்யாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா எங்கள் இருவரையும் இழுத்துப்போய் அவர் காலில் விழச் சொன்னாள். எல்லாரும் சொல்லும் வாழ்த்து எதையும் அவர் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணுக்குப் பென்சிலின் ஆகாது தம்பி. மறந்துடாதீங்க."

மணமேடைக்குத் திரும்பும்வரை அம்மாவும் அழுதாள், நானும் அழுதேன்.