அப்பா கடைசியாகச் சொன்னது

அப்பா இறந்தபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். விஷ்ராந்த்வாடி வீட்டில் அம்மா குளிக்கப் போயிருந்தாள். தம்பி பிம்ப்ரியில் வேலையில் இருந்தான். நான் ஃபோன் செய்ததும் புறப்பட்ட தங்கை, கசார்வாடி நெரிசலில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டாள். அவள் வந்தபோது அப்பாவின் கண்களை மூடியாகிவிட்டது.

"மூச்சு முட்டுது, ஜன்னலத் தொறம்மா" என்றார் அப்பா. திறந்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான்.

காரியத்தன்று எல்லாரும் உட்கார்ந்து பேசியபோது அதையே சொன்னேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது. "என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

தம்பி சட்டென்று, "தொறம்மான்னு இருக்காதுக்கா. அம்மான்னுதான் சொல்லியிருப்பாரு. நல்லா யோசிச்சுப் பாரு" என்றான்.

யோசித்தேன். அப்பாவின் நாக்கு குழறிக்கொண்டிருந்தது உண்மை. "இருக்கலாம்" என்றேன். அம்மா வெகுநேரம் அழுதாள். அழுது முடித்தபின் கொஞ்சம் சாய் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அதன்பின் ஒவ்வொரு திதிக்கும் கூடி உட்கார்ந்து அந்தக் காலையைப் பேசுவோம். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புவார். 'அம்மா' என்பது 'அம்மாவப் பாத்துக்கோ' என்று ஆனது. இந்த வருடம் தங்கை, "நான் கால்மாட்டுல நின்னுட்டிருந்தேன். அப்பா என்னைப் பாத்துத்தான் சொன்னாரு" என்றாள்.

"நீ அப்ப பஸ்ல இருந்தடி."

"அரே, என்னக்கா பேசற? அவர் கால் ஜில்லுன்னு இருந்தது இன்னும் என் கையில இருக்கு. பக்கா நான் இருந்தேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்கிறவளின் முகம் அல்ல அது. "ஆமா, அவ இருந்தா" என்றான் தம்பி, அவளுக்கும் பிறகு வந்துசேர்ந்தவன்.

சமையலறைக்குப் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கட்டில் தெரிந்தது. கால்மாட்டில் தங்கை நின்றாள். அவளை அங்கிருந்து அகற்ற முடியவில்லை. அப்பா வாயைத் திறந்தார். 'அம்மாவப் பாத்துக்கோ' என்று கேட்டது, அதுவும் தம்பியின் குரலில். ஜன்னல் என்று நானே எனக்குள் சொல்லிப் பார்த்தேன். யாரோ சொல்லித் தெரிந்துகொண்ட செய்தி போல இருந்தது. அப்பா அதைச் சொல்லவே இல்லை.

பக்கத்து வீட்டு மராட்டிப் பெண்மணி வந்திருந்தாள். அம்மா என்னைக் கூப்பிட்டு, "அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு இவங்ககிட்ட சொல்லு. எனக்கு இந்தியில சொல்ல வரல" என்றாள்.

சொன்னேன். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா பெருமையோடு என்னைப் பார்த்தாள். அப்பாவும் நானும் மட்டும் இருந்த அந்தக் காலை இனி எனக்கு இல்லை.