சாக்குப்பையில் இருந்த மோட்டார்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்று சிலர் எனக்கு அறிவுறுத்தினார்கள். நற்குணம் ஒன்றினால்தான் அவர் இறந்தார். ஆகவே அதையே எழுதுகிறேன்.

அன்னூருக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் அப்பா. இளமையைப் பீளமேட்டில் ஒரு பஞ்சாலைக்குக் கொடுத்தார். ஆலை மூடப்பட்டதும், தம்மைவிடச் சற்றே இளைய பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். கடிந்து பேச அறியார். கேட்டவர்க்கு மறுக்க அறியார். தமக்கென்று முதலில் எதையும் எடுத்துக்கொள்ள அறியார். எங்கள் பங்காளிகளிடையே ஒரு வழக்கம் உண்டு. மழை பெய்தால் மூத்தவர் காட்டில்தான் முதல் உழவு. வண்டி அப்பாவுடையது, முதல் உழவு பெரியப்பாவின் காட்டுக்கு உரியது. எங்கள் காடு எப்போதும் ஈரம் உலர்ந்த பிறகே உழப்பட்டது.

சென்ற ஆண்டு டிராக்டரின் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்துபோயிற்று. அப்பா அதைக் கழற்றிக் கோவைக்குக் கொடுத்தனுப்பினார். அது வரும்வரை வண்டியை மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பார். ஒருவர் இருக்கையில் அமர்ந்துகொள்ள, இன்னொருவர் கல்லை உருவ வேண்டும். வண்டி சரிவில் உருளும் வேகத்தில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வீட்டில் கல்லை உருவுபவர் அம்மா.

காயில் சுற்றி, கார்பன் மாற்றிப் புதிதாக்கிய மோட்டார் சாக்குப்பையில் வந்து சேர்ந்தது. அன்றே மழையும் வந்தது. மறுநாள் காலை மெக்கானிக் வந்து மாட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் பெரியப்பா போனில் அழைத்தார். அருகிலிருந்த எங்களுக்கும் அவர் குரல் கேட்டது.

"மோட்டாரு எங்கடா ஓடிப்போகுது? ஈரம் காஞ்சுபோகும். காலையில வண்டியக் கொண்டாந்துபோடு."

"செரிங்கண்ணா, வாரனுங்க."

மெக்கானிக்கை இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டு, விடிந்ததும் அப்பா புறப்பட்டார். பாதிக் காடு உழுதபின், சாப்பிடுவதற்காக வண்டியை அங்கேயே ஒரு மேட்டில் நிறுத்தினார். மீண்டும் கிளப்பும்போது கல்லை உருவ ஆள் அனுப்புவதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். ஆள் வரவில்லை. வானம் மறுபடியும் இருண்டது. அப்பா தாமே குனிந்து கல்லை உருவினார். வண்டி அவர்மேல் உருண்டது. அதற்குமேல் எழுத என் தமிழ் உடன்படவில்லை.

இழவு வீட்டில், வந்தவர்களிடமெல்லாம் பெரியப்பா சொன்னார்: "எந்தம்பி எப்பவுமே அவசரக்காரனுங்க." ராசியில்லாத வண்டி, இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று அம்மாவுக்கும் அறிவுரை கூறினார். அவையோரே, நான் கேட்கிறேன்: அவசரம் யாருடையது? காய்ந்துவிடும் என்று அஞ்சிய ஈரம் யாருடைய காட்டில் இருந்தது? அப்பா மீது வீசப்பட்ட அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும்வரை இக்கேள்விகளை நான் விடப்போவதில்லை.

வண்டியை விற்க அம்மா மறுத்துவிட்டார். சென்ற மாதம் மெக்கானிக்கை அழைத்தோம். அவர் துருவேறிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்தார். மல்லாந்து படுத்து, மோட்டாரை மார்பில் தாங்கித் துளைக்குள் ஏற்றினார். டார்ச் பிடித்திருந்த நான் இந்த நியாயங்களையெல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீ பேசற பேச்சுக்கு வண்டியே கெளம்பிப்போடும் அம்மணி," என்றார் அவர். "அதுக்கு முன்னால அந்த ஸ்பேனரைக் குடு."

போல்ட்டுகளை முடுக்கி, புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியின் ஒயரைப் பூட்டியாயிற்று. காலைப் பலகாரத்துக்குப் பின் தொடங்கிய வேலை, பகல் சோற்றுக்கு முன் முடிந்துவிட்டது. இந்த அரைப் பொழுதைத்தான் அப்பாவுக்குத் தர நம்மில் எவருக்கும் மனம் வரவில்லை.

அம்மா இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்தது. நிறுத்தினார். மீண்டும் திருப்பினார். நிறுத்தினார். மீண்டும் திருப்பினார். மெக்கானிக் தடுக்கவில்லை.

இவ்வாண்டின் முதல் மழைக்கு எங்கள் காட்டை நானே உழுதுகொண்டிருந்தேன். வழக்கப்படி பெரியப்பாவின் அழைப்பு வந்தது. அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"வண்டி எங்க காட்டுல ஓடுதுங்க. இங்க முடிஞ்சதும் வாரமுங்க. அதுவரைக்கும் ஈரம் இருந்தாப் பாத்துக்கலாமுங்க."

அப்பாவைத் தோளில் சுமந்து வந்த பக்கத்துத் தோட்டத்தார்க்கும், கூலி பேசாது வந்த மெக்கானிக்குக்கும், அம்மாவைத் தனியே விடாத பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. பெரியப்பாவுக்கும் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். இறுதிச் சடங்கன்று பந்தல் போட அவர் ஆள் அனுப்பினார். சொன்ன நேரத்துக்கு முன்பே எல்லோரும் வந்துவிட்டார்கள்.