எண்ணெய் தின்னும் பூச்சி

நடவு முடிந்த இருபதாம் நாள், வயலுக்கடியில் போகும் கம்பெனியின் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து எங்கள் வயல் கறுத்துப்போனது. பண்ணையில் கூலிக்கு உழைத்த அப்பாவின் பெயரில் பட்டாவான ஒரே நிலம் அது. கம்பெனி ஆட்கள் வைக்கோலையும் தேங்காய் நாரையும் கொட்டி, எண்ணெய் ஊறியதும் மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு ஓர் அதிகாரி ஏதோ மாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தார்.

"மண்ணுல மிச்சமிருக்க எண்ணெய இந்த நுண்ணுயிரிங்க தின்னுடும். மூணு மாசம் வயல்ல எதுவும் பண்ணாதீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் காலேஜில் படித்தவள்.

"எண்ணெயத் திங்கிற பூச்சிப்பா," என்றேன்.

பத்து நாள் கழித்துப் போனால் வயல் முழுக்கப் பூச்சிமருந்து வாடை. வரப்பில் காலி டப்பாக்கள் கிடந்தன.

"எண்ணெய் தீந்தா அதுங்க பயிரத்தானே திங்கும்?" என்றார் அப்பா. அங்கே பயிர் என்று எதுவும் மிச்சமில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மறுவாரம் வந்த அதிகாரி டப்பாக்களைக் காட்டிக் கேட்டார். "பூச்சின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நானா நெனச்சுக்கிட்டேங்க," என்றார் அப்பா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். குனிந்து டப்பாக்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.