டைரக்ட் பண்ணிய ஒயர்

என் அக்கா புருஷன் பழைய டிராக்டர்களுக்கு ஒயரிங் பார்ப்பவர். எல்லாரும் அவரை 'ஷாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, கையைத் தூக்கினால் ஸ்பேனர். ஒருமுறை பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறித்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அதற்குச் சார்ஜ் போட்டவனின் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டார். இடது கண்ணோரம் தோல் சுருங்கியது அப்போதுதான். அவரோடு பதினொரு வருஷம் வேலை செய்தேன்.

மீட்டரைத் தொடமாட்டார். பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி, அங்கங்கே வைத்துப் பார்த்தே கரண்ட் எங்கே நிற்கிறதென்று சொல்லிவிடுவார். சுவிட்ச் கெட்டிருந்தால் அதைக் கழற்றி, இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிடுவோம். எங்கள் தொழிலில் அதற்கு 'டைரக்ட் பண்றது' என்று பெயர். கிளட்சை மிதித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று பெடலுக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். கியரில் கிடக்கும் வண்டி பாய்ந்துவிடும், அதை மட்டும் டைரக்ட் பண்ணக் கூடாது என்று மாமா தலைதலையாய் அடித்துக்கொள்வார். அவர் வராத ஒரு நாளில், ஒரு பண்ணைக்காரரின் வண்டியில் நான் அதைத்தான் பண்ணினேன். சொன்னால் உதைப்பார் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன். வாய்க்கு வந்தபடி திட்டினார். போய்ச் சரி பண்ணச் சொன்னார். நான் போகவில்லை.

அதே வண்டி ஒரு மதியம், சாவியைத் திருப்பினால் 'டிக்' என்பதோடு நின்றது. பேட்டரியிலிருந்து வரும் எர்த் கேபிள் வண்டியில் பிடிக்கிற இடத்தில் துரு. மாமா சுரண்டிவிட்டு போல்ட்டை இறுக்கினார். பண்ணைக்காரர் வண்டிக்கும் கொட்டகைச் சுவருக்கும் நடுவில் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இப்ப சாவியப் போடு," என்றார் மாமா.

பண்ணைக்காரரின் இளைய மகன் கீழே நின்றபடியே கையை நீட்டித் திருப்பினான். கியர் விழுந்திருந்தது. வண்டி பாய்ந்து பண்ணைக்காரரின் இடுப்பைச் சுவரோடு நசுக்கியது. பின்சக்கரம் மண்ணைப் பறித்தபடி இன்னும் தள்ளியது. மகன் அலறிக்கொண்டே சாவியை ஆஃப் பண்ணினான். அந்தக் காலத்து டீசல் வண்டி சாவிக்கு அடங்குமா? மாமா தாவி ஏறி, இன்ஜினை நிறுத்தும் கம்பியை இழுத்தார். வண்டியைப் பின்னால் தள்ளிப் பண்ணைக்காரரை எடுத்தபோது உயிர் இல்லை.

சத்தம் கேட்டு மூத்த மகன் ஓடி வந்தான். நிலத் தகராறில் அண்ணன் தம்பிக்குப் பேச்சே கிடையாது.

"கிளட்ச மிதிக்காம இந்த வண்டி எடுக்காதுடா! ஏறி உக்காந்து, மிதிச்சு விட்டு, அப்பாவ கொன்னுட்டியேடா!"

கடப்பாரையை எடுத்தான். முதல் அடியில் தம்பியின் தோள் முறிந்தது. "நான் ஏறவே இல்லண்ணே," என்று அவன் ஒற்றைக் கையைத் தூக்கிக் கும்பிட்டான். இரண்டாவது அடி முழங்காலில். மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அடுத்த அடி எனக்குத்தான். நான் கோழை, வேறென்ன சொல்ல? மூன்றாவது அடி காதோரம் விழுந்து ரத்தம் பீறிட்டது. நான்காவதை மண்டைக்கு ஓங்கினான்.

மாமா குறுக்கே விழுந்தார். "அவன விடுடா! அந்த சுவிட்ச டைரக்ட் பண்ணது நான்தான்! மிதிக்காமலே எடுக்கும்!"

கடப்பாரை அவருடைய வலது கையில் இறங்கியது. தொங்கிய கையோடு பெடலுக்குக் கீழே குனிந்து, இடது கையால் டேப்பைப் பிய்த்து, முறுக்கிய ஒயரைக் காட்டினார். மூத்தவன் அதைப் பார்த்தான். கடப்பாரையைப் போட்டுவிட்டு, மாமாவின் நெஞ்சில் ஓங்கி உதைத்தான்.

ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டு விரலை எடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இளையவன் பிழைத்துக் கிடந்தான்.

"என் பேர ஏன் மாமா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்ல வேண்டியவன் நீ," என்றார். "இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு மூணு அடி வரைக்கும் நின்னேன்டா."