மிச்ச ஈரல்

என் தம்பிக்கு நான் கொடுத்தது ஈரலில் பாதிக்கு மேல். வில்லிங்டன் தீவில் கிடங்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், கண் மஞ்சளாகி, வயிறு உப்பிப் படுத்துவிட்டான். குடியா என்று கேட்டவர்கள் வாயில் மண்ணள்ளிப் போடத் தோன்றியது. அது பிறவிக் கோளாறு. அம்மா போனபிறகு மட்டாஞ்சேரியில் அந்த ஒற்றை அறையில் அவனுக்கு நான், எனக்கு அவன். வேறு யார் கொடுப்பார்கள்?

பிழைத்துக்கொண்டான். சாயாவும் பழம்பொரியும் கேட்டுக் கேட்டுத் தின்றான். சில மாதங்களில் என் ஈரலும் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது என்றார்கள்.

பள்ளுருத்தியில் அவன் கல்யாணம். பந்தியில் பெண்ணின் மாமா என்னிடம், "பாதி ஈரலக் கொடுத்தீங்களாமே சேச்சி?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் தம்பி சிரித்தான். "அது பல்லி வாலு மாதிரி மாமா. அக்காவுக்கு அப்பவே வளந்துடுச்சு. ஒண்ணும் போயிட்டில்ல!"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். பாயசத்தோடு இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

இப்போது அவன் கலூரில் இருக்கிறான். அதென்ன கடல் கடந்த தூரமா? "ஞாயித்துக்கெழம வரேன்க்கா" என்பான், வரமாட்டான். நன்றியா கேட்டேன்? என்னோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் பேச்சுத்துணை அடுப்புக்கு மேலே இருக்கும் பல்லிதான். அதன் வால் ஜன்னல் கதவில் அறுந்து, மொட்டையாக, நிறம் மங்கி மறுபடி முளைத்திருக்கிறது. "கடன்காரா, நீயாவது தினமும் வர்றியே" என்பேன்.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டே விட்டேன், என் ஈரலும் பல்லி வால் மாதிரிதானா என்று. அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். பல்லிக்கு அறுந்த இடத்திலேயே புதுவால் முளைக்கும். ஈரலில் வெட்டியெடுத்த பக்கம் திரும்ப முளைப்பதில்லையாம். மிச்சமிருக்கும் பக்கமே பெருத்து, முழு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யுமாம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

போன ஞாயிறு வருகிறேன் என்று சத்தியம் செய்திருந்தான். மத்திக் குழம்பு வைத்து, இரண்டு தட்டில் சோறும் போட்டுவிட்டேன். போன் வந்தது.

"இன்னைக்கு ஆவாதுக்கா. அடுத்த வாரம் கண்டிப்பா."

"சரிடா. மாத்திரையை மறந்துடாதே."

என் தட்டை முடித்தேன். பிறகு அவன் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு அதையும் நானே தின்றேன்.