நெல் அள்ளிய பின் ஒரு நடை

“கல்லை வைக்கத் தெரிஞ்ச நமக்கு எடுக்கத் தெரியாதா, சார்?” என்று ஹாஜா பாய் ஒருமுறை என்னிடம் கேட்டார். வலங்கைமான் சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்த அவர் காலமான செய்தியைச் சென்ற வாரம் அவர் மகன் தொலைபேசியில் சொன்னபோது, அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அந்தக் கேள்வி பிறந்த சூழல் உங்களில் பலருக்குத் தெரியும். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். அதனால் தார்ச்சாலையின் பாதியில் காயவைத்து, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் அடுக்குவோம். நெல்லை அள்ளுவோம், கல் கிடக்கும். அப்படிக் கிடந்த ஒன்றில் வண்டி மோதி விழுந்துதான் பால்காரர் செல்வம் இறந்தார். யார் வைத்த கல் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை.

மறுவாரம் பாய் தம் கடை வாசலில் விவசாயிகளையும் மினிபஸ் ஓட்டுநர்களையும் கூட்டினார். கல்லுக்குப் பதில் முறுக்கிய வைக்கோல் பிரியைப் போடலாம், சக்கரம் ஏறினாலும் ஆள் விழமாட்டார் என்றார்.

“கல்லு இல்லேன்னா உங்க கடைக்கு யாரு வருவா பாய்?” என்று சீண்டினார் என் பக்கத்தில் நெல் காயவைக்கும் கோவிந்தராசு.

“பஞ்சர் ஒட்டுவேன் மாமா. உசுரை ஒட்டத் தெரியாதே.”

பிரியைக் கண்டால் மெதுவாகப் போவதாக ஓட்டுநர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனாலும் தார்ப்பாய் பறக்காமலிருக்கக் கல் தேவைப்பட்டது. அடுத்த அறுவடையில் மழை இருட்டிக்கொண்டு வர, அவசரமாக நெல்லை அள்ளி வீடு திரும்பினேன். சற்று நேரத்தில் பாய் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு வந்தார்.

“எல்லாத்தையும் எடுத்துட்டேனே பாய்.”

“நெல்லுக்காரர் கண்ணு நெல்லைத்தான் சார் பார்க்கும். அடுத்த ஆளு நடந்து பார்த்தாத்தான் கல்லு தெரியும்.”

ஆசிரியராக வகுப்பில் நான் கண்டதுதான். தன் நோட்டில் இருக்கும் பிழை பிள்ளைக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவன் உடனே விரல் வைப்பான். செல்வம் விழுந்த அன்றும் அந்தச் சாலையில் என் நெல் காய்ந்தது. அன்றும் எல்லாக் கல்லையும் எடுத்துவிட்டதாகத்தான் நம்பினேன். இதைப் பாயிடம் சொன்னேன். மறுநாள் அவர் கோவிந்தராசுவை அழைத்துவந்து, “இனிமே சார் இடத்தை நீங்க நடந்து பாருங்க, உங்க இடத்தை அவர் பார்க்கட்டும்” என்றார். பிறகு சாலை முழுவதும் அதுவே வழக்கமாயிற்று.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடைதான். நீங்களும் அடுத்த முறை நெல்லை மூட்டை கட்டியதும், பக்கத்தில் காயவைத்தவரைக் கூப்பிட்டு, உங்கள் நெல் கிடந்த நீளம் முழுவதும் ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.