புரட்டாசியில் சிக்கிய கொடுவா

குருபோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் மீன்பிடிக்கப் போகாத ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். போகிறவர்களுக்கெல்லாம் தலைவர் வீரமுத்து அண்ணன். தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். வேலையிடத்தில் இயந்திரம் அலறும், வீட்டில் தொலைக்காட்சி அலறும். சனிக்கிழமை ஒரு நாளாவது தஞ்சோங் கிளிங் கடற்கரைப் பாறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, பெரிய கொடுவா மீன் ஒன்றைக் கரையேற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. அந்தச் சின்ன ஆசைக்கும் இரண்டு சனியன்கள் காரில் கூடவே ஏறிக்கொண்டன.

ஒன்று, அடுத்த வீட்டுக் கணேசமூர்த்தி. வெறுங்கையோடு வருவார். தூண்டில் இரவல், முள் இரவல், தலையில் போடும் தொப்பிகூட இரவல். ஒருமுறை அண்ணன் எங்கெங்கோ அலைந்து உயிர் இறால் வாங்கி வைத்திருந்தார். அவர் சற்றுத் தள்ளிப் போயிருந்த நேரத்தில் கணேசமூர்த்தி அதை மேகியில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டார்.

"தூண்டிலுக்குனு நீ சொல்லவே இல்லையே லா," என்று ஒரு கிண்ணத்தையும் நீட்டினார். அண்ணன் வாங்கிச் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று ஹரிதாஸ். அண்ணனோடு வேலை செய்கிற இளவட்டம். பாறையில் கால் வைத்ததும் ஸ்பீக்கரை எடுத்து வைப்பான். அவன் போடுகிற பாட்டு எதிர்க்கரை சுமத்ராவுக்கே கேட்கும். மீன் எப்படி வரும்?

போன வருடம் அதையும் மீறி ஒரு கொடுவா மாட்டியது. இழுத்து இழுத்துக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். கைவலையோடு நின்ற கணேசமூர்த்தி, மறு கையால் செல்ஃபி எடுக்கப் பார்த்தார். வலை தூண்டில் நரம்பில் பட்டது. நரம்பு அறுந்தது, மீன் போயே போய்விட்டது. வீடு வந்து சேரும்வரை அண்ணன் வாயே திறக்கவில்லை. அதைத்தான் பெரிய அதிசயமாக ஹரிதாஸ் என்னிடம் சொன்னான். எனக்கு அப்போது விளங்கவில்லை.

இனித் தனியாகத்தான் போவது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். ஆனால் காரைக் கிளப்பினால் வாசலில் இரண்டு பேரும் நிற்கிறார்களே! கடைசியில் புரட்டாசி மாதம்தான் கைகொடுத்தது. புரட்டாசி பிறந்தால் எங்கள் தாமான் வீடுகளில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். மாதம் முழுக்கச் சைவம். தூண்டிலை ஒருவரும் தொடமாட்டார்கள். பாறை காலியாகத்தானே கிடக்கும்?

மனைவி விஜயராணியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"பெருமாள் மாசத்துல மீன் புடிக்கப் போறீங்களா? வெக்கமா இல்ல?"

"புடிக்கத்தான் போறேன், தின்னவா போறேன்? புடிச்சிட்டு விட்டுருவேன் லா."

"பெருமாளோட மொத அவதாரமே மீனுதான். பாத்து, அவரையே புடிச்சிட்டு வந்துறாதீங்க," என்று சொல்லிவிட்டு அக்கா பொங்கலுக்கு அரிசி களையப் போனார்.

கணேசமூர்த்தியிடம் கோயிலுக்கு என்றார் அண்ணன். நெற்றியில் பட்டை நாமம். பின் இருக்கையில் தூண்டில், அதன்மேல் வேட்டி.

பாறையில் ஈ காக்கை இல்லை. அலைச் சத்தம் மட்டும்தான். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இறாலைக் கோத்து வீசி உட்கார்ந்தார். வெயில் ஏறிய நேரத்தில் நரம்பு வெடுக்கென்று இழுத்தது. பெரியது. போன வருடத்து மீனைவிடப் பெரியது. வியர்க்க விறுவிறுக்கக் கரையருகே கொண்டுவந்த பிறகுதான் புரிந்தது, தூண்டிலை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறவர் வலையை எந்தக் கையால் போடுவது? மீன் ஒருமுறை உதறியது. இதுவும் போய்விடுமோ?

"யாராச்சும் வாங்களேன்!" தனியாக இருக்க வந்த மனிதர்தான் இப்படிக் கத்தினார்.

அடுத்த பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் ஓடிவந்து, வலையை மீனுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான். ஹரிதாஸ்! அவன் நெற்றியிலும் நாமம்.

"நீ எங்கடா இங்க?"

"கோயிலுக்குண்ணே."

அண்ணன் வந்ததைப் பார்த்ததிலிருந்து குனிந்தே உட்கார்ந்திருக்கிறான்.

"சத்தமே கேக்கலியே. உன் ஸ்பீக்கர் எங்கடா?"

ஹரிதாஸ் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்கக் கூடாதுண்ணே. தனியா வந்தா எனக்கு எதுக்கு ஸ்பீக்கர்? முள்ள இப்படிக் கட்டாத, அங்க வீசாத, நரம்ப லூசா விடுன்னு காலைலேருந்து சொல்லிக்கிட்டே இருப்பீங்க. அது காதுல விழாம இருக்கத்தானண்ணே பாட்டு போடுறேன்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. வலைக்குள் கொடுவா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. படம் எடுக்க முடியாது, இரண்டு பேரும் கோயிலில் அல்லவா இருக்கிறார்கள்! முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். ஹரிதாஸ் தன் பாறைக்குப் போய்த் தூண்டில் வீசினான். வீசியது தப்பு. அண்ணன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

இதை இருவருமே தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள். புரட்டாசியில் பிடித்த மீனைப் பற்றி, மீன்பிடிக்கப் போகாத என்னை விட்டால் வேறு யாரிடம் பெருமையடிப்பது?

வீட்டில் விஜயராணி அக்கா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பெருமாள் வந்தாரா?"

"வந்தாரு. விட்டுட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார். "ஏன் ராணி, நான் ரொம்பப் பேசுறனா?"

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.